வண்டியும் வாய்மையும்

‘வேன்’ என்று நாம் இன்று தமிழிலும் வழங்குகின்ற சொல், ஆங்கிலத்தின் ‘கேரவன்’ என்னும் சொல்லினுடைய கடைசித் துண்டாகும். அந்தக் கேரவனோ, பாரசீகத்தின் ‘கார்வான்’ என்பதன் திரிபு. பாலை வழியில் ஒட்டகங்களை வரிசையாக ஓட்டிக்கொண்டு, ஒருவருக்கொருவர் துணையாய்ச் சென்ற வணிகக் கூட்டத்திற்கே கார்வான் என்று பெயர். நூறு ஒட்டகங்களுக்கு உடையவனாயினும், தனித்துச் செல்பவனை எவரும் கார்வான் என்று அழைத்ததில்லை. பலர் சேர்ந்து செல்வதே அச்சொல்லின் உயிர்.

1983-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் கிரைஸ்லர் நிறுவனம், குடும்பத்தார் அனைவரும் ஒருங்கே ஏறிச் செல்லத்தக்க சிறிய வேன்களை வெளியிட்டபோது, அவற்றுள் ஒன்றுக்குக் ‘கேரவன்’ என்றே பெயர் சூட்டியது. அடுத்த ஆண்டில், அதாவது 1984-இல், நம் நாட்டில் மாருதி வேன் வந்தது. பின்னர் அதற்கு ‘ஆம்னி’ என்ற பெயர் அமைந்தது. ‘எல்லாம்’ என்று பொருள்படும் இலத்தீன் சொல் அது. 796 சி.சி. கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் என்ஜின் முன் இருக்கைகளின் அடியிலே இருக்கும். பின்கதவுகள் இருபுறமும் இழுத்துத் தள்ளும் வகையின. ஐவர் அமரும் வகையும் எண்மர் அமரும் வகையும் உண்டு. 2019-இல் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. எனினும் நம் ஊர்த் தெருக்களில் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

எண்மர் அமரும் அவ்வகை வண்டியொன்று, பிறர் ஓட்டிப் பழகியது, எங்கள் வீட்டிலும் இருக்கிறது. உம்மாவின் முழங்கால் வலியையும், பேரப்பிள்ளைகளின் எண்ணிக்கையையும், மகனுடைய வருவாயையும் ஒன்றாக நிறுத்துப் பார்த்து வாங்கிய வண்டி அது. கோடையில் முன்னிருக்கையில் அமர்ந்தால் அடியிலிருந்து அனல் ஏறும். கதவை இழுத்தால் தெருக்கோடி வரை ஓசை கேட்கும். அந்த ஓசைதான் எனக்கு முதலாவது படிப்பினையைத் தந்தது. நாங்கள் எப்போது புறப்படுகிறோம் என்பதையும், எத்தனை இருக்கைகள் காலியாக இருக்கின்றன என்பதையும் தெரு முழுவதும் அறிந்திருந்தது!

எனவே, ஒரு கேள்வி எழுந்தது. காலி இருக்கை யாருக்கு உரியது?

‘என் பொருள்; என் விருப்பம்’ என்று கூறிவிடுவது எளிது. ஆனால், நமது கல்வி அவ்வளவு எளிதாக நம்மை விட்டுவிடுவதில்லை. ஒரு பயணத்தின்போது ஒரு மனிதர் தம் வாகனத்தில் வந்து, வலமும் இடமுமாகப் பார்வையைச் செலுத்தினார். அதனைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், மிகுதியான வாகனம் உடையவர் அஃது இல்லாதவருக்கு அதனைக் கொடுத்து உதவட்டும் என்ற கருத்தில் கூறினார்கள். உணவு முதலிய பொருள்களைப் பற்றியும் அவ்வாறே கூறிச் சென்றதைக் கேட்டு, மிகுதிப் பொருளில் நமக்கு உரிமையே இல்லை போலும் என்று தோழர்கள் எண்ணினார்களாம். அபூ ஸயீத் அல்-குத்ரீ (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிம் நூலில் இச்செய்தி பதிவாகியிருக்கிறது. அம்மனிதர் வாய் திறந்து எதனையும் கேட்டாரென்று அதில் இல்லை, பார்த்தார், அவ்வளவே! திருமறையின் 107-ஆம் அத்தியாயம் கண்டிக்கின்ற குற்றங்களுள் ‘மாஊ’னைத் தடுப்பதும் ஒன்று. வாளி, கோடரி, பானை போன்ற புழங்கு பொருள்களை அண்டை வீட்டாருக்கு இரவல் தர மறுப்பது என்று அதற்கு விரிவுரை கண்டோர் உளர்.

ஆயினும் வேன், வாளியன்று. மூன்று நாள் இரவல் கொடுத்த வாளி தேய்வதில்லை. வேனோ தேயும், எரிபொருளைக் குடிக்கும், விபத்தில் சிக்கவும் கூடும். சட்ட நூலார் இதனை உணர்ந்தே இரவலைப் பற்றி நுணுகி ஆராய்ந்தனர். இரவல் பொருள் தவறின்றியே அழிந்துபட்டாலும், அனுமதித்த பயன்பாட்டினால் நேர்ந்த தேய்மானம் நீங்கலாக, வாங்கியவர் ஈடு செய்ய வேண்டும் என்பது ஷாஃபியீ மத்ஹபு. அவரிடம் அது அமானிதம். கவனக்குறைவு இருந்தாலன்றி ஈடு இல்லை என்பது ஹனஃபீ மத்ஹபு. இரு சாராரும் ஒன்றில் உடன்படுகின்றனர்: இரவல் என்பது கூலியில்லாத கொடை. நாட்டுச் சட்டமும் வேறொரு வழியில் இங்கேயே வந்து நிற்கிறது. சொந்தப் பயன்பாட்டிற்கென வெள்ளைப் பலகையுடன் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டுதல் கூடாது; ஓட்டினால் காப்பீடும் கைவிட்டுவிடும்.

ஆக, கொடுத்தால் கொடையாகவே கொடுக்க வேண்டும். கொடைக்கு எல்லை உண்டா? இக்கேள்விக்கு விடையை நான் நூலில் கற்கவில்லை. ஒரு பிழையில் கற்றேன்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். சிறுநீரகங்கள் செயலிழந்தமையால், வாரம் இருமுறை 22 கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனைக்குச் சென்று, நான்கு மணி நேரம் இயந்திரத்தின் துணையால் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டியவர். முதன்முறை நானே வலிந்து அழைத்துச் சென்றேன். அவர் கண்கலங்கினார், எனக்கும் உள்ளம் நிறைந்தது. இரண்டு திங்கள் கடந்தன. நிறைந்த உள்ளம் மெல்லச் சலித்தது. என் பாட வேளைகள் தட்டின. மகன் எரிபொருள் கணக்கைச் சொல்லாமல் சொன்னான். ஒரு வியாழக்கிழமை காலை அவருடைய மகள் வந்து நின்றபோது, “வண்டி சரியில்லையம்மா” என்று கூறிவிட்டேன்.

கூறிய கணமே மனத்திற்குள் நியாயமும் கற்பித்துக்கொண்டேன். பழைய வண்டியில் ஏதேனுமொன்று எப்போதும் சரியில்லாமல்தானே இருக்கும்? இரு பொருள்படப் பேசுவதை அரபியில் ‘தவ்ரியா’ என்பர். நான் பொய்யுரைக்கவில்லை, தவ்ரியாதான் செய்தேன் என்று, மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் நாவினாலேயே எனக்கு நானே தீர்ப்பு வழங்கிக்கொண்டேன். அன்று மாலை அதே வண்டியில் ஒரு திருமண வீட்டிற்குச் சென்றோம். அவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். கதவின் ஓசை தெருவெங்கும் கேட்டது.

மறுநாள் மன்னிப்புக் கேட்கச் சென்றேன். அவருடைய கால்கள் வீங்கியிருந்தன, மூச்சு வாங்கிற்று. முதல் நாள் அவர் மருத்துவமனைக்குச் செல்லவே இல்லை! சிகிச்சை தவறினால் நீரும் உப்புகளும் உடலில் தேங்கி, மூச்சையும் இதயத்தையும் தாக்கும். அவர் சினம் கொள்ளவில்லை. “ஹஜ்ரத், முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆட்டோவுல போயிருப்பேன். வண்டி சரியில்லைன்னதும், மத்தியானத்துக்குள்ள சரியாயிடும், ஹஜ்ரத் கூப்பிடுவாங்கன்னு காத்திருந்துட்டேன்” என்றார். அவர் மேற்கொண்டு ஒன்றும் கூறவில்லை. உடனே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். இறையருளால் அன்று அவர் தேறினார்.

வழியெல்லாம் நான் எண்ணியது இதுதான். வாரந்தோறும் என் வண்டியில் ஏறும் உரிமை அவருக்கு இருந்ததா? இல்லை. கொடை தொடர்ந்தே ஆகவேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால், உண்மையை அறிகின்ற உரிமை அவருக்கு இருந்தது. அந்த உண்மையைக் கொண்டுதான் அவர் வேறு வழி தேடியிருக்க முடியும். நான் மறுத்திருந்தால், அவருக்கு உரிமையில்லாத ஒன்றைத்தான் மறுத்திருப்பேன். மறைத்ததனால், அவருக்கு உரிமையான ஒன்றைப் பறித்துவிட்டேன். தவ்ரியாவுக்குத் தேவை கருதி இடமளித்த அறிஞர்களும், பிறர் உரிமை கெடுமிடத்தில் அதனை விலக்கியே வைத்தனர். அதனை நான் அறியாதவனல்லன், அறிந்தும் மறந்தவன்.

அன்பிற்குரிய வாசகர்களே! நம்மில் பலர் ‘இல்லை’ என்று சொல்வதை இரக்கமின்மை என்று எண்ணி அஞ்சுகிறோம். அவ்வச்சத்தினாலேயே பொய்யை இரக்கத்தின் உடையில் அனுப்பி வைக்கிறோம். உண்மையில் நாம் காப்பது எதிரில் நிற்பவரின் மனத்தையா, ‘நல்லவர்’ என்ற நம் பெயரையா? முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்பவன் தன் பெயரில் சிறிது இழக்கிறான். கேட்டவரோ நேரத்தை இழப்பதில்லை. சாக்குச் சொல்பவன் எதனையும் இழப்பதில்லை, இழப்பெல்லாம் கேட்டவருக்கே. மறுப்பே கடமையாகும் இடமும் உண்டு. எண்மர் அமரும் வண்டியில் பதின்மூவரைத் திணித்துக்கொண்டு செல்வது ஈகையன்று. உயிர்களோடு ஆடும் விளையாட்டு. அங்கே ‘முடியாது’ என்பதுதான் இரக்கம்.

அதன்பின் எங்கள் வீட்டில் அனைவரும் அமர்ந்து பேசி ஓர் ஒழுங்கு செய்துகொண்டோம். திங்கட்கிழமை வண்டி அவருக்கு. அன்று எங்கள் வீட்டுத் திருமணமேயானாலும் மாற்றமில்லை. வியாழக்கிழமை எங்களால் இயலாது. அன்று அவர் ஆட்டோவில் செல்வார். நள்ளிரவில் எவர் வந்து கதவைத் தட்டினாலும், உயிருக்கு ஆபத்தென்றால் கணக்குப் பாராமல் வண்டி புறப்படும். இந்த மூன்றையும் அவர் மகளிடம் வெளிப்படையாகக் கூறினேன். கூறும்போது நாணம் பிடுங்கித் தின்றது. அவளோ, “இது போதும் ஹஜ்ரத், இனி நிம்மதியா ஏற்பாடு பண்ணிக்குவோம்” என்றாள். இரண்டு நாளும் கொடுத்தபோது அவ்வீட்டில் இல்லாத நிம்மதி, ஒரு நாளை உறுதியாகக் கொடுத்தபோது வந்தது!

அப்பெரியவர் இப்போது இல்லை. அல்லாஹ் அவருக்கு அருள் புரிவானாக! வேன் இருக்கிறது, அதன் கதவு இன்றும் அதே ஓசையுடன்தான் திறக்கிறது. எண்ணெய் விட்டால் அடங்கும் என்று மகன் சொல்கிறான். நான்தான் வேண்டாமென்று தடுத்து வைத்திருக்கிறேன்.