சிறுமியின் குரலும் செவியின் கடனும்

இசையைக் குறித்துத் திருச்சபையில் எழுந்த அறக்கேள்விகளுள் பழமையான ஒன்று, கேட்பவனைப் பற்றியது. புனித அகுஸ்தீனார் தம் 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பகுதியில் அதனை எழுப்புகிறார். மிலான் நகர ஆலயத்தில் மக்கள் பாடக் கேட்டுக் கண்ணீர் உகுத்தவர் அவர். ஆயினும், பாடப்படும் பொருளைக் காட்டிலும் பாடும் குரலே தம் உள்ளத்தை ஈர்த்துவிடும் வேளைகளில் தாம் பாவம் செய்வதாகவே கருதுகிறார். அப்போது அப்பாடலைக் கேளாதிருந்திருக்கலாம் என்றும் வருந்துகிறார். இசையை ஆலயத்தினின்றே விலக்கிவிடலாமோ என ஒரு கணம் எண்ணி, பின் அவ்வெண்ணத்தைக் கைவிடுகிறார். குருத்துவக் கல்லூரியில் இப்பகுதியைப் பயின்றவர் எவரும் அதன் நேர்மையை மறக்க இயலாது. ஆனால் அகுஸ்தீனார் தம் ஆன்மாவைப் பற்றி மட்டுமே கவலையுற்றார். அவர் செவிக்கு விருந்தளித்த அந்தப் பாடகர் யார், அவர் என்ன ஆனார் என்பது அங்கே கேட்கப்படவில்லை. பாட்டு கேட்பவனை என்ன செய்கிறது என்று ஆராய்ந்த நாம், கேட்பவன் பாடுகிறவரை என்ன செய்கிறான் என்பதையும் ஆராய வேண்டாமா?

இக்கேள்வி எமக்கு நூலினின்று பிறந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன், ஆயரின் இசைவோடு ஒரு கோடைக்காலம் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துப் பங்கொன்றில், விடுமுறையில் சென்ற பங்குத்தந்தைக்குப் பதிலாகப் பணியாற்றினோம். அப்போது அப்பங்கின் குடும்பம் ஒன்று எம்மை ஓர் இசை நிகழ்ச்சிக்கு அழைத்துச் சென்றது. முழுமையான சிம்பொனி இசைக்குழுவோடு பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி மேலை மரபிசைப் பாடல்களைப் பாடுவாள் என அறிவித்திருந்தனர்.

சிம்பொனி இசைக்குழுவை நேரில் கேளாதவர்களுக்கு அதன் தொடக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ எண்பது கலைஞர்கள் மேடையில் அமர்ந்து, அவரவர் போக்கில் எதை எதையோ மீட்டிக்கொண்டிருப்பர். சந்தை இரைச்சல் போலிருக்கும். திடீரென அனைவரும் அடங்குவர். ஓபோ என்னும் மெல்லிய துளைக்கருவி ஒற்றைச் சுரத்தை நீள ஊதும். நொடிக்கு 440 அதிர்வு என வகுக்கப்பட்ட அச்சுரத்திற்கு எண்பது பேரும் தத்தம் கருவியை இணக்குவர். எத்துணைப் பெரிய வித்துவானாயினும் அந்த ஓபோவுக்கு அடங்கித்தான் ஆகவேண்டும். துறவற இல்லங்களில் கீழ்ப்படிதலைப் பற்றி ஆற்றப்படும் உரைகள் பலவற்றைவிட இது தெளிவாக இருந்ததென எமக்குத் தோன்றியது.

பின்னர் அச்சிறுமி வந்தாள். வெண்ணிற நீள அங்கி. வயதுக்குச் சற்றே மெலிந்த தோற்றம். முதலில் புச்சீனியின் 'ஜியானி ஸ்கிக்கி' என்னும் இசை நாடகத்தில் மகள் தந்தையை நோக்கிப் பாடும் பாடல். 1918-இல் நியூயார்க்கில் முதன்முதல் அரங்கேறிய நாடகம் அது. காதலனை மணக்க முடியாவிட்டால் ஆர்னோ ஆற்றில் குதித்து மாய்வேன் என்று அம்மகள் கெஞ்சுகிறாள். தந்தை மனமிரங்கிச் செய்யப்போவதோ, இறந்தவன் ஒருவனின் உயிலை மோசடியாக மாற்றும் வேலை! அரங்கினர் அதனை ஒரு செபத்தைப் போலக் கண்மூடிக் கேட்டனர் என்பது வேடிக்கைதான். அதனை அடுத்து, காபிரியேல் ஃபோரே இறந்தோர் திருப்பலிக்கென அமைத்த இசையினின்று, இரக்கமுள்ள இயேசுவிடம் மரித்தோருக்கு இளைப்பாற்றி வேண்டும் பகுதியைப் பாடினாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அழகாகப் பாடினாள். ஆலயத்தில் நூற்றுக்கணக்கான அடக்கத் திருப்பலிகளை நிறைவேற்றியும் இவ்வளவு எளிமையாக அந்த மன்றாட்டை யாம் கேட்டதில்லை. ஓரிடத்தில் நீண்ட தொடர் ஒன்றை முடிக்க அவளுக்கு மூச்சுப் போதவில்லை, தோள்கள் மேலெழுந்தன. நடத்துநர் அதைக் கண்டார். அவர் கை இம்மியளவு தாமதித்தது. கருவிகள் அனைத்தும் அவளுக்காகக் காத்தன. அவள் மூச்சிழுத்தாள். இசை தொடர்ந்தது. அரங்கில் பெரும்பாலோர் அதை உணர்ந்திருக்க மாட்டார்கள்.

இடைவேளையில் நடைக்கூடத்தில் நின்றவர்கள் பேசியதைக் கேட்டோம். ஃபோரேயைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மரித்தோரைப் பற்றியும் பேசவில்லை. "பதினான்கு வயதுதானாம்!" என்பதே எங்கும் கேட்டது. "இச்சிறு உடலுக்குள் இப்படியொரு குரலா!" என்றார் ஒரு மூதாட்டி. அந்த வியப்பில் தீமை ஏதுமில்லை. எனினும் அதனைச் சற்றே பிரித்துப் பார்த்தால் அதனுள் இரு வியப்புகள் இருப்பது தெரியும். ஒன்று குரலைப் பற்றியது. மற்றொன்று வயதைப் பற்றியது. குரல் வளரலாம், தேறலாம். வயதோ நாள்தோறும் கரையும். வயதை வியக்கும் அன்பு, அக்குழந்தை வளர்வதனாலேயே அழிந்துபோகும் அன்பு. ஏழு ஆண்டு கழித்து அதே பெண் அதே பாடலை இதைவிடச் செம்மையாகப் பாடினாலும், இந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் வரமாட்டார்கள்.

இது வெறும் ஊகமன்று. வரலாறு இதற்குச் சான்று பகரும். ஆஸ்திரியாவில் 1732-இல் பிறந்த யோசேப்பு ஹைடன், எட்டு வயதளவில் வியன்னாவின் புனித ஸ்தேவான் பேராலயப் பாடகர் குழுவில் சேர்க்கப்பட்டார். அவருடைய குரல் இனிமையைக் கண்டவர்கள், அதனை என்றும் அவ்வாறே நிலைநிறுத்த ஒரு வழி கூறினர் என்றும், செய்தியறிந்த தந்தை விரைந்து வந்து தடுத்தார் என்றும் அவர்தம் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். அவ்வழி யாதெனில், பருவம் எய்துமுன் சிறுவனின் ஆண்மையை அறுவையால் நீக்கிவிடுவது. தந்தையால் தப்பிய ஹைடன் குரல் உடைந்தபின் ஏறத்தாழ பதினேழு வயதில் வெளியேற்றப்பட்டு, கையில் காசின்றி வியன்னாத் தெருவில் நின்றார். பிற்காலத்தில் சிம்பொனியின் தந்தை எனப் போற்றப்பட்டவர் அவரே.

தப்பாத சிறுவர்களின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதி முதல் திருத்தந்தையின் சிற்றாலயப் பாடகர் குழுவிலேயே அவ்வாறு ஆண்மை நீக்கப்பட்டோர் பாடினர். அவர்களுள் இறுதியானவராக அறியப்படும் அலெஸ்ஸாந்திரோ மொரெஸ்கி 1922-இல்தான் இறந்தார். 1902-இலும் 1904-இலும் அவருடைய குரல் இசைத்தட்டில் பதிவு செய்யப்பட்டது. இன்றும் அதைக் கேட்கலாம். கேட்பது எளிதன்று. திருச்சபைச் சட்டம் அந்த அறுவையைக் கண்டித்தது. செய்தவருக்குச் சபைவிலக்கு என்றது. ஆகவே ஒருவரும் அதைச் செய்ததாக ஒப்பவில்லை. சிறுவன் குதிரையினின்று விழுந்தான் என்றனர். காட்டுப்பன்றி தாக்கிற்று என்றனர். செய்தவர் யாருமில்லை, கேட்டு மகிழ்ந்தவர் எண்ணற்றோர். ஆலயத்தில் பெண்டிர் பாடலாகாது என்று ஒருபுறம் தடை. உயர்ந்த குரல் வேண்டும் என்று மறுபுறம் ஆசை. இரண்டுக்கும் இடையே நசுங்கியவன் ஓர் ஏழைக் குடும்பத்துச் சிறுவன். 1903-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள், இசையின் பாதுகாவலியாம் புனித செசிலியாவின் திருநாளன்று, திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட ஆணையில் ஆலயத்தில் உயர்ந்த குரல்களைப் பாட இயல்பான சிறுவரையே அமர்த்த வேண்டும் என்றார். பெண்களுக்கான தடை மட்டும் அப்போதும் நீங்கவில்லை.

அறநெறி இறையியலில், பிறர் செய்யும் தீமைக்கு உடந்தையாதல் என்றொரு பாடம் உண்டு. தீமையை விரும்பி உடன்படுதல் ஒன்று. விரும்பாமலே அதற்குத் துணையாகிவிடுதல் மற்றொன்று. பின்னதிலும் அருகிலிருந்து துணையாதல், தொலைவிலிருந்து துணையாதல் எனப் பிரிப்பர். தொலைவு மிகுந்தால் பொறுப்பும் குறையும் என்பது பாடநூல் முடிவு. அது சரியான முடிவே. இல்லையேல் இவ்வுலகில் எவரும் ஒரு பொருளையும் வாங்க முடியாது. ஆனால் ரோமை ஆலயத்தில் மெய்ம்மறந்து நின்ற ஒவ்வொருவரும் தொலைவில்தான் நின்றனர். மூன்று நூற்றாண்டுக் காலம் தொலைவில் நின்றோர் அனைவரின் மகிழ்ச்சியும் சேர்ந்துதான் அறுவை செய்தவனுக்குக் கூலியாயிற்று. தனி ஒருவனின் பொறுப்பை அளக்க நம் பாடநூல்களிடம் கோல் உண்டு. ஒரு கூட்டத்தின் செவிக்குரிய பொறுப்பை அளக்கக் கோல் இல்லை. இது எம் கருத்து, மறுப்போர் மறுக்கலாம்.

இன்று கத்தி இல்லை. அன்றைய கொடுமையோடு இன்றைய மேடையை ஒப்பிடுதல் நீதியாகாது. ஆயினும், குழந்தை குழந்தையாகவே நிற்க வேண்டும் என்னும் ஆசை மறைந்துவிடவில்லை. வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரைச் சேர்ந்த சார்லட் சர்ச் 1986-இல் பிறந்தவர், கத்தோலிக்கராக வளர்க்கப்பட்டவர். 1998-இல், பன்னிரண்டு வயதில், அவர் பாடி வெளிவந்த இசைத்தொகுப்புக்கு வானதூதரின் குரல் எனப் பொருள்படும் பெயரிட்டனர். அது இலட்சக்கணக்கில் விற்றது. திருத்தந்தை முன்னிலையிலும் அவர் பாடினார். வானதூதருக்கு வயது ஏறுவதில்லை, சிறுமிக்கு ஏறியது. தாம் பதினாறு வயதை எட்டும் நாளை நோக்கி இணையத்தில் நாள் எண்ணும் கடிகாரம் ஒன்று ஓடியதை, 2011-இல் இங்கிலாந்தில் பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த நீதிபதி லெவசன் முன்னிலையில் அவரே சாட்சியமாகக் கூறினார். அக்கடிகாரம் எதனை எண்ணியது என்பதை இப்பக்கத்தில் விளக்கத் தேவையில்லை. குடும்பத்தின் அந்தரங்கமும் செய்தித்தாள்களில் விலைபோனது. பின்னர் அவர் மரபிசையை விட்டு வேறு வகைப் பாடல்களைப் பாடினார்.

அப்படியாயின் குழந்தைகளை மேடையேற்றலாகாது என்பதா? அதுவும் முறையன்று. தாலந்தை நிலத்தில் புதைத்தவனை ஆண்டவர் பாராட்டவில்லை. பாடும் வரம் பெற்ற குழந்தையைப் பாடாதே என்பது அதனை வேறுவகையில் ஊமையாக்குவதாகும். கவனிக்க வேண்டியவை வேறு. இசை நாடகப் பாடகர் ஒலிபெருக்கியின்றி எண்பது கருவிகளைக் கடந்து கேட்கப் பாடுவது, ஆண்டுகள் பல பழகி வந்த உடற்கலை. குரல்வளை முதிர்ந்து நிலைபெற இருபது வயதையும் கடக்க வேண்டியிருக்கும். நல்லாசிரியர்கள் அதற்குமுன் கனமான பாத்திரங்களை மாணவருக்குத் தருவதில்லை. பதினான்கு வயதுக் குழந்தை இசைக்குழுவின் முன் நிற்கும்போது கையில் ஒலிவாங்கி இருப்பது அதனால்தான்; இருப்பதே நலம். ஒலிவாங்கி இருப்பதைப் பார்த்து, 'இது உண்மையான இசையன்று' என உதட்டைப் பிதுக்கும் அறிஞர் கூட்டமும் உண்டு. அவர்களையும் யாம் ஏற்பதற்கில்லை. முதிர்ந்த பாடகரின் ஆற்றலை அவர்கள் ஒரு சிறுமியிடம் கேட்கிறார்கள். மற்றவர்களோ அவள் முதிரவே வேண்டாம் என்கிறார்கள். இருசாராரும் அவள் எதிரே இருப்பதைப் பார்ப்பதில்லை.

அன்றிரவு அவளை அவளாகவே பார்த்தவர்கள் மேடையில் இருந்தனர் என்பது எம் எண்ணம். இசைக்குழுவினர் அவளுடைய வயதை வியக்க அங்கு வரவில்லை. அவளுடைய மூச்சைக் கேட்டனர். மூச்சு குறைந்தவிடத்துத் தாழ்ந்தனர், நிறைந்தவிடத்து எழுந்தனர். அவள் தவறினால் தாங்குவதற்கும் ஆயத்தமாயிருந்தனர். நம் நாட்டிலும் தொலைக்காட்சிகளில் சிறுவர் பாட்டுப் போட்டிகள் நடக்கின்றன. குழந்தை விம்மி அழும் முகத்தை ஒளிப்படக்கருவி நெருங்கிச் சென்று காட்டுவதைக் கண்டிருக்கிறோம். வீட்டில் அமர்ந்து அதைப் பார்த்து நாமும் உருகுகிறோம். அந்த உருக்கத்தையே ஒருவர் விளம்பரதாரருக்கு விற்கிறார். பங்கின் திருவிழா மேடையிலோ, பாட மறந்து விழிக்கும் குழந்தைக்கு முன்வரிசையிலிருந்து யாரேனும் ஒருவர் அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பார்.

ஃபோரேயின் அந்த மன்றாட்டை முதன்முதல் பாடியதும் ஒரு குழந்தையே. 1888 சனவரியில் பாரிசின் மதலேன் ஆலயத்தில் நடந்த அடக்கத் திருப்பலியில் அதனைப் பாடியவன், பாடகர் குழுவைச் சேர்ந்த பத்து வயது லூயி ஓபேர். அச்சிறுவனின் குரல் காலத்தில் இயல்பாக உடைந்தது. அவர் பியானோ பயின்றார், இசையமைப்பாளருமானார். 1911 மே மாதம் பாரிசில், இயற்றியவர் பெயரை அறிவியாமல் புதிய இசைகளை வாசித்துக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று நடந்தது. ரவேல் புதிதாக எழுதித் தமக்கே காணிக்கையாக்கியிருந்த நடனத்தொகுதி ஒன்றை ஓபேர் அதில் பியானோவில் வாசித்தார். இது யாருடைய இசை எனக் கூட்டத்தில் பலருக்கு விளங்கவில்லை. கேலிக் கூச்சல் எழுந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. இறுதிச் சுரம் வரை வாசித்து முடித்தார்.