வட்டத்தின் நடுவே

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் சாலையின் இருமருங்கும் வானம் பார்த்த பூமி. மழை கண்டால் பருத்தியும் சோளமும் கம்பும் தலைகாட்டும். காணாவிட்டால் சீமைக்கருவேலமே துணை. கோடையில் இக்கரிசல் வெளியில் வண்ணம் அரிது. எனினும் விடியுமுன் வாசல் தெளித்து, புள்ளியிட்டு, கோட்டை வளைத்து வளைத்துத் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடிக்கும் பெண்கள் இங்கே ஒவ்வோர் ஊரிலும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், தவக்காலத்து வெள்ளி ஒன்றில், இவ்வட்டாரக் கிளைப்பங்கு ஒன்றின் தாய்மாருக்குத் தியானம் நடத்தினோம். கோலமிடும் அந்தக் கைகளை நினைத்து, பிற்பகல் மறையுரையை விடுத்து, ஆளுக்கொரு வெள்ளைத்தாளும் சில வண்ணக் குச்சிகளும் கொடுத்தோம். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து ஒரு வட்டம் வரையுங்கள். ஆள், மரம், வீடு எதுவும் வேண்டாம். உள்ளத்தில் எழும் நிறத்தைக்கொண்டு வட்டத்துக்குள் வட்டமாக நிரப்புங்கள். பேச வேண்டாம் என்றோம். ஒரு மணி நேரம் ஆலயத்தில் மின்விசிறியின் ஓசையன்றி வேறோசை இல்லை.

நெசவுக் குடும்பத்துத் தாய் ஒருவர் தம் தாளைத் தயங்கித் தயங்கி நீட்டினார். மகனைப் பறிகொடுத்தவர். கருநீலமும் செம்மையும் மஞ்சளுமாகச் சுற்றிலும் பாவும் ஊடையும்போல் நெருக்கமாய்த் தீட்டியிருந்தார். நடுவில் மட்டும் நிறம் படவில்லை. "சாமி, நடுவுல என்ன போடுறதுன்னு தெரியல. வெறுமனே விட்டுட்டேன். தப்புங்களா?" என்றார். "தப்பில்லம்மா" என்றோம். வாசலில் நின்ற பெரியவர் ஒருவரோ, "இதெல்லாம் நம்ம வேதத்துல உண்டா சாமி?" என்று கேட்டார். இரண்டு வினாக்களும் உள்ளத்தைவிட்டு அகலவில்லை.

மண்டலம் என்றால் வட்டம். ஒரு மண்டலம் மருந்துண்ண வேண்டும் என்று நாட்டு வைத்தியர் சொன்னால் நாற்பத்தெட்டு நாள் என்று பொருள். திபெத்தியப் பௌத்தத் துறவியர் வண்ண மணலைக் கொண்டு நாள்கணக்கில் மண்டலம் அமைப்பர். அதன் நடுவிடம் அவர்கள் போற்றும் திருவுருவின் உறைவிடம். வழிபாடு முடிந்ததும் அதனைக் கூட்டியெடுத்து ஓடும் நீரில் விட்டுவிடுவர். திருச்சுழியின் பெயரிலேயே சுழி இருக்கிறது. 1879இல் அவ்வூரில் பிறந்த இரமண மகரிஷி, "நான் யார்?" என்னும் வினாவையே தம்மை நாடி வந்தோர்க்கு வழியாகக் காட்டினார். சிதறிய மனத்தை நடுவிடம் நோக்கித் திருப்புவது இந்நாட்டின் பழைய பயிற்சி.

நம் காலத்து ஓவியரும் இதனை அறிந்திருந்தனர். 1922இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா மாவட்டத்தில் பிறந்தவர் சையது ஐதர் ரசா. சிறுவனாயிருந்தபோது அவர் மனம் ஓரிடத்தில் நில்லாததைக் கண்ட ஆசிரியர், பள்ளிச் சுவரில் ஒரு புள்ளி வைத்து, அதையே பார் என்றாராம். 1950இல் பிரான்சுக்குச் சென்று பல ஆண்டுகள் நிலக்காட்சிகள் தீட்டிப் புகழ்பெற்ற அவர், நடுவயதைக் கடந்தபின் அந்தப் புள்ளிக்கே திரும்பினார். 'பிந்து' எனும் கரிய வட்டம், 2016இல் அவர் மறையும் வரை அவருடைய ஓவியங்களின் இதயமாய் இருந்தது. சுவிட்சர்லாந்தின் உளவியலறிஞர் கார்ல் யுங்கும் முதல் உலகப் போரின் இறுதிக் காலத்தில் காலைதோறும் குறிப்பேட்டில் ஒரு சிறு வட்டச் சித்திரம் வரைந்து, அதில் தம் அகநிலையைக் கண்டுகொண்டார்.

நம் திருச்சபையில் உண்டா என்று கேட்டாரே பெரியவர்? உண்டு. பிரான்சின் சார்த்ர் பேராலயத்து வடபுறத்து வட்டக் கண்ணாடிச் சாளரத்தின் நடுவே அன்னை மரியா குழந்தை இயேசுவோடு வீற்றிருக்கிறார். ஒளி அங்கிருந்து இதழ் இதழாய் விரிகிறது. 1179இல் இறந்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவி புனித ஹில்டகார்டின் காட்சிகளை விளக்கும் பழைய கையெழுத்துப் படிகளில், வட்டங்களுக்குள் வட்டமாக உலகும் அதன் நடுவே மனிதனும் தீட்டப்பட்டிருப்பதைக் காணலாம். அவரைத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2012இல் மறைவல்லுநராக அறிவித்தார்.

கற்பனையையும் நம் புனிதர்கள் தள்ளிவிடவில்லை. நற்செய்தி நிகழ்ச்சியின் இடத்தை மனக்கண்ணால் கண்டு செபிக்கக் கற்பித்தார் புனித இஞ்ஞாசியார். தமக்குக் கற்பனைத் திறன் குறைவென்று ஒப்புக்கொண்ட அவிலா நகர்ப் புனித தெரேசா, அதனாலேயே திருவுருவப் படங்களை நாடினார். ஆயினும் அவருடைய தோழர் புனித சிலுவை யோவான், எவ்வுருவிலும் ஒட்டிக்கொள்ளாதீர் என்று எச்சரித்தார். நாடுவதும் கைவிடுவதும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே நமது மரபு.

ஆனால் இங்கே ஒரு கேள்வி இருக்கிறது; அதை மழுப்பலாகாது. வண்ணம் தீட்டினால் மனம் அமைதியடைகிறது. அந்த அமைதி செபமாகுமா? 1989 அக்டோபர் 15ஆம் நாளிட்டுக் கிறிஸ்தவத் தியானம் பற்றி வெளிவந்த திருச்சபையின் மடல், பிற சமய முறைகளை அவை கிறிஸ்தவமல்ல என்பதனாலேயே ஒதுக்கிவிட வேண்டாம் என்கிறது. அதே மடல், உடலும் உள்ளமும் உணரும் இனிய அமைதியைத் தூய ஆவியாரின் ஆறுதல் என்று மயங்காதீர், வாழ்வு அதற்கு ஒத்திராவிட்டால் அது பேராபத்து என்றும் எச்சரிக்கிறது. கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டு வந்தவனும் வட்டம் வரைந்தால் அமைதி பெறுவான். அவனுடைய வட்டத்தின் நடுவே அவனே அமர்ந்திருக்கிறான். சுற்றிச் சுற்றி நம்மிடமே வந்து முடியும் தியானம் அழகிய சிறை.

இம்மண்ணின் மக்களுக்கு இதனை விளக்க நீண்ட இறையியல் தேவையில்லை. கண்மாய்க் கரை மழையைக் கொண்டுவராது. எத்தனை உயர்த்திக் கட்டினாலும் ஒரு துளியைப் பிறப்பிக்காது. ஆனால் கரை உடைந்து கிடந்தால், பெய்த மழையும் குண்டாற்றோடு போய்விடும். வண்ணமும் வட்டமும் மௌனமும் கரை. அருள் மழை. கரையைக் கட்டுவது நம் கடன். மழையைத் தருவது அவர் கொடை. கரையையே மழையென்று நம்புவது ஒரு பிழை. மழை அவர் கொடைதானே என்று கரையைக் கவனியாமல் விடுவது மற்றொரு பிழை. முதற் பிழையைப் புதுமை நாடுவோரிடமும், இரண்டாவதை நம்மைப் போன்ற பழைய மனிதரிடமும் கண்டிருக்கிறோம். கண்மாயில் நீர் நின்றதா என்பதைக் கரையில் நின்று வியப்பதால் அறிய முடியாது; கீழே உள்ள வயல் நனைந்ததா என்று பார்க்க வேண்டும். பேசாதிருந்த ஓரகத்தியிடம் அன்று மாலை ஒரு சொல் பேசினோமா? அதுவே தியானத்தின் சான்று.

அன்று மாலை நற்கருணை ஆசீர். கதிர்ப்பாத்திரத்தைப் பீடத்தில் நிறுவிவிட்டு முழங்காலிட்டு நிமிர்ந்தோம். சுற்றிலும் பொற்கதிர்கள், நடுவே நிறமற்ற ஒரு வெள்ளை வட்டம். குருவாகி இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ முறை கைகளில் ஏந்தியது. ஆயினும் அன்றுதான் முதன்முறை காண்பதுபோல் இருந்தது. கண்ணுக்கு வெறுமையாய்த் தோன்றும் அவ்விடத்தில்தான் ஆண்டவர் இருக்கிறார் என்று நாம் விசுவசிக்கிறோம். பீடத்தின் முன் அந்தத் தாயும் முழங்காலிலிருந்தார். மடித்த தாள் அவர் கையில் இருந்தது.

மகன் போன இடத்தை எந்த நிறத்தாலும் நிரப்பிவிட அவர் முற்படவில்லை. அது தப்பில்லை என்று நாம் சொன்னபோது, எவ்வளவு சரியாகச் சொன்னோம் என்பதை அறியாமலே சொன்னோம். மழைக்குக் காத்திருக்கும் கண்மாயும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. அதில் வீடு கட்டிக்கொள்வதுதான் தவறு. நம் வீடுகளிலும் ஒருநாள் மாலை, தட்டு ஒன்றைக் கவிழ்த்து வட்டம் ஒன்று வரைந்து பார்க்கலாம். வண்ணங்களை மெல்ல இடுவோம். நடுவிடத்தை மட்டும் அவசரப்பட்டு நிரப்பாதிருப்போம். அதற்கு உரியவர் வருவார்.