முகமும் மானமும்: காவல்துறை நிழற்படம் குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

மைசூரு நகரின் தேவராஜ மொஹல்லா மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதியாகும். அங்குள்ள தேவராஜ மார்க்கெட்டின் பூக்கடைகளையும் குங்குமக் குவியல்களையும் படமெடுக்காத சுற்றுலாப் பயணி அரிது. பயணி படமெடுக்க முனையும்போது கடைக்காரர் கையசைத்து மறுக்கலாம்; முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். காவலர் ஒருவர் ஐயத்தின் பேரில் வழிப்போக்கரை நிறுத்திப் படமெடுப்பாராயின் அம்மறுப்புக்கு இடமுண்டா? குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவரின் முகத்தின் மீது அரசுக்குள்ள உரிமை எத்தகையது? எடுத்தல், வைத்திருத்தல், காட்டுதல் என்னும் மூன்று செயல்களைத் தனித்தனியே நோக்கி இக்கட்டுரை இவ்வினாவை ஆராய்கிறது.

எடுத்தல்

பிரித்தானிய இந்தியாவில் 1920ஆம் ஆண்டு கைதிகள் அடையாளச் சட்டம் இயற்றப்பட்டது. ஓராண்டும் அதற்கு மேலும் கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றத்தில் தண்டிக்கப்பட்டவரைப் படமெடுக்க அச்சட்டம் இடமளித்தது. தண்டிக்கப்படாதவரைப் பொறுத்தவரை, கைரேகை போன்ற அளவீடுகளைக் காவல்துறை பெறலாம். படமெடுப்பதற்கோ குற்றவியல் நடுவரின் ஆணை வேண்டும் என்பது அதன் அமைப்பாகும். அயலாட்சியின் சட்டமே முகத்திற்கு இத்தகைய வேலியை இட்டிருந்தமை நோக்கத்தக்கது.

அதே 1920இல் ஏப்ரல் 3ஆம் நாள், உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ்க் கைரேகை பதிய மறுத்த மக்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது; பலர் உயிரிழந்தனர். மக்கள் அச்சட்டத்தை 'ரேகைச் சட்டம்' என்றே வழங்கினர். விரலில் மை தடவுவதால் உடலுக்கு ஊறில்லை. ஆயினும் செய்யாத குற்றத்திற்கு உரியவராகத் தம்மை முன்கூட்டியே பதிவேற்றுவதை அவர்கள் மான இழப்பாகக் கருதினர். அடையாளம் பெறுதல் வெறும் நிர்வாகச் செயலன்று என்பதற்கு இந்நிகழ்வே சான்றாகும்.

2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம்) சட்டம் பழைய சட்டத்தை நீக்கியது. கைது செய்யப்பட்ட எவரையும் நடுவரின் ஆணையின்றிப் படமெடுக்க இது வழிவகுக்கிறது. எனினும், கைது செய்யப்படாமல் தெருவில் நிறுத்தப்படுபவரைத் தன்விருப்பில் படமெடுக்கும் அதிகாரத்தை இச்சட்டமும் காவலருக்கு வழங்கவில்லை. 2021இல் ஐதராபாத்தில் முகக்கவசத்தை அகற்றச் சொல்லிப் படமெடுக்கப்பட்ட ஒருவர் தெலங்கானா உயர்நீதிமன்றத்தை நாடியதன் பின்னணியும் இதுவே.

வைத்திருத்தல்

பழைய சட்டத்தின் 7ஆம் பிரிவு தனிக் கவனத்திற்குரியது. முன்னர்த் தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றியோ, குற்றமற்றவர் எனத் தீர்க்கப்பட்டோ விடுவிக்கப்பட்டால், அவருடைய படங்களை, மூலச்சுருளும் படிகளும் உட்பட, அழித்துவிட வேண்டும் அல்லது அவரிடமே ஒப்படைக்க வேண்டும். மாறாக வைத்திருக்க வேண்டுமாயின் எழுத்து வடிவில் காரணம் காட்டிய ஆணை தேவை. முகத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்தல் என்னும் கருத்து இங்குப் பொதிந்துள்ளது.

2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவுகள் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தில் 75 ஆண்டுகள் மின்னணு வடிவில் பேணப்படும். விடுவிக்கப்பட்டவரின் பதிவு, மேல்முறையீட்டு வழிகள் அனைத்தும் முடிந்த பின்னரே அழிக்கப்படும். நம் நாட்டில் வழக்குகள் நீளும் காலத்தை எண்ணினால், இளமையில் எடுக்கப்பட்ட படம் முதுமை வரை தொடரக்கூடும். மூலச்சுருளை எரித்தால் படம் அழிந்த காலம் அது. மின்னணுப் படியோ எத்தனை இடங்களில் உள்ளதென்று எவரும் உறுதி கூற இயலாது.

காட்டுதல்

மூன்று செயல்களுள் மிகுந்த தீங்கு விளைப்பது இதுவே. கைது செய்யப்பட்டோரை ஊடகத்தின்முன் நிறுத்தலாகாது என்று 2010இல் மத்திய உள்துறை அமைச்சகம் அறிவுறுத்தியது. அடையாள அணிவகுப்புக்கு முன் முகம் வெளிப்பட்டுவிட்டால் சாட்சியின் அடையாளங்காட்டல் மதிப்பிழக்கும் என்பதால், இது வழக்கின் நலனுக்கும் உகந்ததாகும். 2020 மார்ச்சில் லக்னோவில் போராட்டக்காரர்களின் படங்களையும் முகவரிகளையும் தாங்கி வைக்கப்பட்ட விளம்பரப் பலகைகளை அகற்றுமாறு அலகாபாத் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமையை மீறும் செயல் எனக் கண்டது.

அவ்வுரிமைக்கு உறுதியான அடித்தளம் இட்டது 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக வழங்கிய தீர்ப்பாகும். வழக்குத் தொடுத்த கே.எஸ். புட்டசாமி மைசூரு மகாராஜா கல்லூரியில் பயின்றவர். கர்நாடக உயர்நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி. அந்தரங்கத்தில் அரசு தலையிட வேண்டுமாயின் சட்டத்தின் இசைவும் நேரிய நோக்கமும் நோக்கத்திற்கேற்ற அளவும் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரமாகும்.

சிலம்பு உணர்த்துவது

சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில், கோவலனைக் கண்ட காவலர் அவன் தோற்றத்தை நோக்கி இவன் கள்வன் அல்லன் என்கின்றனர். பொற்கொல்லன் நகைத்து, கள்வர் கையாளும் வழிகளைப் பட்டியலிட்டு அவர்கள் ஐயத்தை மாற்றுகிறான். எதிரில் நிற்கும் மனிதன் மறைந்து, 'கள்வன்' என்னும் வகைமை அவ்விடத்தைப் பற்றிக்கொள்கிறது. பின்னர்ச் சிலம்பு உடைந்து உண்மை வெளிப்பட்டது. வெட்டுண்ட உயிர் மீளவில்லை. குற்றவாளியென முகம் காட்டப்பட்டவரின் நிலையும் இத்தகையதே. பல ஆண்டுகளுக்குப்பின் வரும் விடுதலைத் தீர்ப்பு வழக்கை முடிக்கும். அண்டை வீட்டாரின் நினைவை அழிக்காது.

எதிர்வாதம்

திருவிழாக் கூட்டத்தில் நகை பறிகொடுத்த பெண்ணுக்கும் குழந்தையைத் தொலைத்த பெற்றோருக்கும் காவல்துறையின் படத்தொகுப்பு பேருதவியாகலாம். பாதுகாப்பும் உரிமையே என்னும் வாதம் வலுவுடையது, புறந்தள்ளத்தக்கதன்று. ஆயினும் இவ்வாதம் எடுத்தலையே ஓரளவு நியாயப்படுத்துகிறது. குற்றமற்றவர் படத்தை வைத்திருத்தலுக்கோ, விசாரணைக்கு முன் ஊரறியக் காட்டுதலுக்கோ அது துணை நிற்கவில்லை. தேடப்படுபவரின் படத்தை வெளியிடுதல் அவரைப் பிடிப்பதற்கு. பிடிபட்டவரின் படத்தை வெளியிடுதல் எதற்கு என்னும் வினா எஞ்சுகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், ஒரு செயலுக்கான காரணம் அடுத்த செயலுக்கான காரணம் ஆகாது என்பது புலனாகிறது. எடுக்கச் சட்டம் வேண்டும். வைத்திருக்கக் காலவரையறை வேண்டும். காட்டத் தவிர்க்கவியலாத் தேவை வேண்டும். மானத்தையும் நாணுடைமையையும் தனி அதிகாரங்களாக்கிப் போற்றிய குறள் மரபில், ஒருவரின் முகம் அவருடைய நற்பெயரின் இருப்பிடமாகும். அதனைக் காவலின் பொருட்டுப் பெறும் அரசு, தேவை தீர்ந்தபின் உரியவரிடமே மீள ஒப்படைக்கும் கடமையும் உடையது.