டேபிளில் ஓர் இடம்

உடற்கூறு வகுப்பின் முதல் நாள். ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கிறது. டேபிளில் கிடத்திய உடலைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நிற்க, ஆசிரியர் ஆங்கிலத்தில் விறுவிறுவென்று சொல்லிக்கொண்டே போகிறார். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளையை அந்த உடல்கூட அவ்வளவு மிரட்டுவதில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் தலையாட்டுகிறார்களே, அதுதான் மிரட்டுகிறது. அவர்களிலும் பாதிப் பேருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது அன்றைக்குத் தெரிய வழியில்லை.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டம் 2020இல் வந்தது. கூலி வேலைக்குப் போகும் தாய்தகப்பனின் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டுடன் கல்லூரிக்குள் நுழைந்தார்கள். கட்டணத்தையும் அரசே ஏற்றது. பெரிய காரியம்தான். ஆனால் மெஸ்ஸில் தட்டோடு நிற்பவரைப் பார்த்து "இங்க வந்து உக்காரு" என்று கூப்பிடுவது எந்தச் சட்டத்தாலும் ஆகாது. அதைப் பக்கத்து அறைக்காரர்தான் செய்ய வேண்டும்.

இந்த ஒட்டாமை அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு நின்றுவிடுவதும் இல்லை. ஊரில் முதல் மதிப்பெண் வாங்கிய எல்லோரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்தால், அதிலும் யாரோ ஒருவர் கடைசியாக வரத்தானே வேண்டும்? தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கையில், கேள்விகளுக்குப் பதில் சொன்ன 25,590 இளநிலை மாணவர்களில் 27.8 விழுக்காட்டினர் தங்களுக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டறியப்பட்டிருக்கிறது என்றார்கள். கடந்த ஓராண்டில் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 16.2 விழுக்காடு. தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு இது. எல்லாக் கல்லூரிக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. அதற்காக ஒதுக்கிவிடக்கூடிய எண்ணும் அல்ல.

வால்டன், கோஹன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. அவர்கள் முதலாண்டு மாணவர்களிடம் சீனியர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். 'இது நமக்கான இடம்தானா' என்ற தவிப்பு ஆரம்பத்தில் எல்லோருக்கும் இருந்தது, போகப்போகக் குறைந்தது என்பதே அவற்றின் சாரம். ஏறத்தாழ ஒரு மணி நேர வேலை. அதில் பங்கேற்ற கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்றாண்டுகளில் உயர்ந்தன. வெள்ளை மாணவர்களுடன் இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. உடல்நலமும் மேம்பட்டதாக அவர்களே சொன்னார்கள். அறிவு கூடியதால் வந்த மாற்றம் இல்லை இது. தடுமாற்றம் தனக்கு மட்டும் நேர்ந்த குறை இல்லை என்று தெரிந்தால் சந்தேகம் கேட்கக் கை தானாக உயரும்.

வார்டுக்குப் போகத் தொடங்கியதும் காட்சி மாறுவதுண்டு. "கிறுகிறுன்னு வந்து கண்ணைக் கட்டுதும்மா" என்கிறார் கட்டிலில் இருக்கும் பாட்டி. "அடிவயித்துல சுருக்குன்னு குத்துது, நீர்க்கடுப்பு வேற" என்கிறார் அடுத்த கட்டில்காரர். சரளமாக ஆங்கிலம் பேசும் மாணவர் விழிக்கும்போது, கிராமத்துப் பிள்ளை கட்டிலருகே குனிந்து எப்போதிலிருந்து, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முழு ஹிஸ்டரியையும் எடுத்துவிடும். முதல் வருடம் தலைகுனிய வைத்த அதே தமிழ்தான். அந்தப் பிள்ளையை அதுவரை சோர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

2022இல் தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றங்கள் தொடங்கப்பட்டன. 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் ஆலோசகர்களிடம் பேசலாம். இரண்டும் வேண்டியவையே. ஆனால் அங்கே போகுமுன், அழுதுகொண்டிருப்பதைக் கவனிக்க ஓர் ஆள் விடுதியில் இருக்க வேண்டும்.

எம்.பி.பி.எஸ். சேர்ந்தவுடன் அடிப்படை அறிமுக வகுப்புகள் நடக்கின்றன. அங்கே தங்கப் பதக்கம் வாங்கியவர்களையே மேடையேற்ற வேண்டியதில்லை. முதல் இன்டர்னலில் ஃபெயிலாகி, இன்று வார்டில் நைட் டியூட்டி பார்க்கும் ஹவுஸ் சர்ஜன் ஒருவரையும் கூப்பிடலாம். அந்த முதல் வருடம் எப்படிப் போனது என்று, தமிழிலேயே பேசச் சொல்லலாம்.