கொல்லாமையும் இனக்காப்பும்: மொரீஷியஸ் தீவு எழுப்பும் ஓர் அறவினா

ஓர் உயிரினம் உலகிலிருந்து அடியோடு அழிந்துபோகாமல் காப்பதற்காக வேறோர் இனத்தைச் சேர்ந்த உயிர்களைக் கொல்வது அறமாகுமா என்பது, கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றிய பழைய மரபுகள் இந்த வடிவில் எதிர்கொண்டிராத வினாவாகும். வேள்வியில் உயிர்ப்பலி இடலாமா, ஊன் உண்ணலாமா, போரில் கொல்வது பாவமா என்றெல்லாம் சமணரும் பௌத்தரும் வைதிகரும் விரிவாக வாதிட்டனர். ஆனால் ஓர் இனம் முழுவதுமே மீளாதவாறு மறையக்கூடும் என்னும் உண்மை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் இயற்கை அறிவியலில் நிலைபெறத் தொடங்கியது. இவ்வினா ஏட்டளவில் நில்லாமல் அன்றாட நடைமுறையாகவே ஆகிவிட்ட இடங்களுள் இந்தியப் பெருங்கடலில் உள்ள மொரீஷியஸ் தீவும் ஒன்று.

மடகாஸ்கருக்குக் கிழக்கே எரிமலைக் குழம்பு கடலடியிலிருந்து உயர்ந்து உருவான இத்தீவு எந்தக் கண்டத்தோடும் ஒருபோதும் ஒட்டியிருந்ததில்லை. ஆகவே, பறந்தோ மிதந்தோ காற்றில் வந்தோ சேர்ந்த உயிர்களே அங்கு நிலைகொண்டன. வௌவால்களைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டிகள் அங்கு இல்லாததால், டோடோ என்னும் பெரும்பறவை அஞ்சிப் பறக்க வேண்டிய தேவையின்றித் தரையிலேயே கூடுகட்டி வாழ்ந்தது. வேறிடங்களில் மானும் ஆடும் மேயும் இடத்தில் இங்குப் பேராமைகள் மேய்ந்தன. 1598இல் கரையிறங்கி, 1638இல் குடியேறிய டச்சுக்காரர்கள் கருங்காலி மரங்களை வெட்டி ஏற்றுமதி செய்ததோடு பன்றிகளையும் ஜாவா மான்களையும் கொண்டுவந்தனர். எலிகளும் நீண்டவால் குரங்குகளும் கப்பல்களோடு வந்து சேர்ந்தன. டோடோவைக் கண்டதாகப் பலரும் ஏற்கும் கடைசிப் பதிவு 1662ஆம் ஆண்டுக்குரியது. பின்னர் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஆண்ட காலங்களில் காடு கரும்புத் தோட்டமாக மாறியது. இன்று நல்ல நிலையில் எஞ்சியிருக்கும் இயற்கைக் காடு தீவின் பரப்பில் 2 விழுக்காட்டுக்கும் குறைவே.

எஞ்சியவற்றைக் காக்கும் முயற்சி 1970களில் தொடங்கியபோது நிலைமை மிகவும் மோசமாக இருந்தது. மொரீஷியஸ் வல்லூறு 1974இல் காட்டில் நான்கே நான்காகக் குறைந்திருந்தது. இளஞ்சிவப்புப் புறா 1990களின் தொடக்கத்தில் ஏறத்தாழப் பத்தாகச் சுருங்கியிருந்தது. இவை இரண்டும் இன்று நூற்றுக்கணக்கில் பெருகியிருப்பதற்குச் செயற்கைக் குஞ்சுபொரிப்பு, கூடுதல் உணவு, கூட்டுப் பெட்டிகள் ஆகியவற்றோடு, எலிகளையும் கீரிகளையும் பூனைகளையும் இடைவிடாமல் பொறிவைத்துக் கொன்றுவந்ததும் ஒரு காரணமாகும். கீரிகளோ, எலிகளை ஒழிப்பதற்கென்றே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனிதர்களால் கொண்டுவந்து விடப்பட்டவை.

இவ்வினாவை மிகத் தெளிவாகக் காட்டுவது, மொரீஷியஸுக்கு வடக்கே ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வட்டத்தீவு ஆகும். எலிகள் ஒருபோதும் எட்டிப் பார்க்காத இச்சிறு தீவில், மேல்தாடையெலும்பு இரண்டாகப் பிரிந்து கீல்போல் மடங்கும் அமைப்புடைய ஒரு பாம்பு வாழ்கிறது. முதுகெலும்புள்ள விலங்குகளில் அதன் குடும்பத்துக்கு வெளியே இத்தகைய தாடை வேறெதற்கும் இல்லை. முன்பு இங்கு விடப்பட்ட ஆடுகளும் முயல்களும் முளைத்த கன்றுகளையெல்லாம் கடித்துத் தின்றதால், அடிமரம் குப்பிபோல் பருத்திருக்கும் அரிய பனை வகையில் முதிர்ந்த மரங்கள் சிலவே எஞ்சின. வேர்ப்பிடிப்பு இழந்த மண் மழையில் கரைந்து கடலில் சேர்ந்தது. மண்ணைத் துளைத்து வாழ்ந்த மற்றொரு பாம்பினம் 1975க்குப் பிறகு காணப்படவில்லை. 1979க்குள் ஆடுகளும், 1986இல் முயல்களும் முற்றிலும் ஒழிக்கப்பட்டபின் பனங்கன்றுகள் முளைத்தெழுந்தன, அரணைகள் பெருகின, அவற்றை உண்ணும் பாம்பும் பிழைத்தது. ஆனால் முயல்களுக்கு வைக்கப்பட்டது, குருதி உறையும் தன்மையைக் கெடுத்துப் பல நாட்கள் உள்ளுக்குள் குருதி கசியச் செய்து கொல்லும் நஞ்சு என்பதையும் சேர்த்தே இக்கணக்கைப் பார்க்க வேண்டும்.

இக்கொலைக்குத் தமிழ் மரபிலிருந்து எளிதாகக் காட்டக்கூடிய சான்று, கொடியவரை வேந்தன் ஒறுத்தலைப் பயிருக்குக் களையெடுப்பதோடு ஒப்பிடும் வள்ளுவரின் கருத்தாகும். ஆயினும் அந்த ஒப்புமை இங்குப் பொருந்தாது. வேந்தன் ஒறுப்பது, தீதென்று அறிந்தும் அதைச் செய்தவனை. முயலோ கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டது, பசித்தபோது தின்றது, அவ்வளவே. குற்றமில்லாத இடத்தில் தண்டனை என்னும் பேச்சுக்கே இடமில்லை. 'அயல் உயிரி' என்னும் பெயரையே பழியாக்கிக் கொலையை நியாயப்படுத்துவது, கொல்பவருக்கு மன ஆறுதல் தருமேயன்றி அறநியாயம் தராது.

அடுத்து, காக்கப்படுவது எது என்னும் கேள்வி எழுகிறது. ஒவ்வொரு பாம்பும் ஒவ்வொரு முயலும் வலியை உணரும் தனி உயிர்கள் என்றால், 'இனம்' என்பது எத்தகைய பொருள்? வைசேடிகரும் நையாயிகரும், பல தனிப்பொருள்களில் ஒன்றாய் நின்று அவற்றை ஒரே வகையாக அறியச் செய்யும் பொதுமையைச் சாமானியம் என்று பெயரிட்டு, அது என்றும் அழியாதது என்றனர். அக்கொள்கைப்படி கடைசி டோடோ இறந்தபோதும் டோடோத்தன்மைக்கு ஊறு எதுவும் நேரவில்லை. இதற்கு எதிராகப் பௌத்தத் தருக்கவியலாளர்கள், தனிப்பொருள்களே உண்மை, பொதுமை மனத்தின் கற்பனை என்றனர். அதன்படி இழப்பதற்கு இனம் என்று ஒன்று தொடக்கத்திலேயே இல்லை. முரண்பட்ட இவ்விரு கொள்கைகளுமே இன அழிவை ஓர் இழப்பாகக் கருத இடந்தரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மேலை நாட்டுச் சிந்தனையிலும் இதே பிளவு உண்டு: 1949இல் வெளியான நூலில் ஆல்டோ லியோபோல்டு நிலத்தையும் அதில் வாழ்வனவற்றையும் ஒரே சமூகமாகக் கண்டு, அச்சமூகத்தின் நலத்தை அறத்தின் அளவுகோலாக்கினார், 1983இல் டாம் ரீகன், முழுமையின் பெயரால் தனி உயிரைப் பலியிடும் அப்போக்கைச் சுற்றுச்சூழல் பாசிசம் என்று கண்டித்தார்.

இப்பிளவைக் கடக்க ஒரு வழியைப் பௌத்தத்திலேயே காணலாம். ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றும் என்னும் சார்புக் கொள்கை, மணிமேகலையின் இறுதிக் காதையில் விரித்துரைக்கப்படுவது, பிறவித் துன்பத்தின் காரணங்களை விளக்குவதற்காகவே வகுக்கப்பட்டது; எனினும் அதன் பார்வை இங்கும் பயன்படும். மொரீஷியஸின் தென்கிழக்குக் கரையருகே உள்ள எக்ரெட் தீவில், பழைய பேராமைகள் அழிந்தபின் கருங்காலியின் பெரிய பழங்களை விழுங்கி விதைகளைப் பரப்புவார் இல்லாமல், அவை தாய்மரத்தின் அடியிலேயே விழுந்து கிடந்தன. 2000ஆம் ஆண்டு முதல் அல்டாப்ரா தீவுப் பேராமைகள் அங்குக் கொண்டுவந்து விடப்பட்டபின், அவற்றின் எச்சத்தின் வழியே விதைகள் பரவித் தொலைவிடங்களிலும் கன்றுகள் முளைத்தன. இங்கு இனம் என்பது விண்ணில் நிற்கும் பொதுமையும் அன்று, வெறும் பெயரும் அன்று. தலைமுறையைத் தலைமுறையோடும், மரத்தை விலங்கோடும் இணைக்கும் சார்புத் தொடரே இனம். தனி உயிர் இறந்தாலும் அத்தொடர் நீளும். தொடரே அறுந்தால், இனிப் பிறக்கக்கூடிய உயிர்களோடு அதைச் சார்ந்த பிறவும் வாழ்வை இழக்கும். இன அழிவைத் தனி இறப்பினும் வேறான தீங்காகக் கருத இதுவே போதிய காரணம்.

தீங்கு பெரிது என்பதால் மட்டும் கொலை நல்வினை ஆகிவிடாது. சமணர் இல்லறத்தாரால் நேரும் கொலையை நான்காக வகுப்பர்: வேண்டுமென்றே செய்வது, சமையல் முதலிய இல்லப் பணியில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவது அறவே விலக்கப்பட்டது. மற்ற மூன்றும் துறவியின் மகாவிரதத்தில் இடம்பெறாவிடினும், இல்லறத்தாரின் அணுவிரதத்தில் பொறுத்துக்கொள்ளப்படுவன. முயலுக்கு நஞ்சு வைப்பதைக் கண்டிப்பான சமணர் முதல் வகையிலேயே சேர்ப்பர், அதில் தவறில்லை. ஆயினும் முயலைக் கரையில் இறக்கியதும் ஒரு செயலே. அதன் விளைவு ஒவ்வொரு பருவத்திலும் தொடர்ந்துகொண்டிருக்கும்போது, கைகட்டி நிற்பவர் கொல்லாமையைக் கடைப்பிடிப்பவர் ஆகமாட்டார். முன்னோர் சொத்தை அனுபவிப்பவர் அவர்கள் பட்ட கடனையும் ஏற்பதுபோல, காடழித்து வந்த கரும்புச் செல்வத்தின் வழியினர் அந்த அழிவின் பொறுப்பையும் ஏற்றாக வேண்டும். எனவே, மாற்று வழி இல்லாமை, தடுக்கப்படும் இழப்பு மீளாததாக இருத்தல், கொல்பவருக்குத் தன்னலம் இல்லாமை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால் மட்டுமே அக்கொலை பொறுத்துக்கொள்ளத்தக்கது எனலாம்.

இந்த அளவுகோல் கொலைக்கு வசதியான வாயில் அன்று என்பதை அதே தீவின் பழந்தின்னி வௌவால் காட்டுகிறது. காட்டு மரங்களின் விதைகளைப் பரப்பும் இத்தொல்குடி உயிர் லிச்சியையும் மாம்பழத்தையும் தின்கிறது என்பதற்காக, 2015 முதல் பல்லாயிரக்கணக்கில் அரசு ஆணையின்படி கொல்லப்பட்டது. 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அருகிவரும் இனம் என்னும் நிலைக்கு மாற்றியது. மரங்களுக்கு வலை போடலாம், இழந்த விளைச்சலுக்கு ஈடும் தரலாம் என்பதால் இக்கொலை மூன்று நிபந்தனைகளிலும் தவறுகிறது. எதிர்த்திசையில் அமைந்த எடுத்துக்காட்டும் உண்டு. மொரீஷியஸ் இந்துக்கள், அவர்களுள் தமிழரும், புனிதத் தலமாகப் போற்றும் கங்கா தலாவ் என்னும் எரிமலைவாய் ஏரிக்கரையில் படையல் பழங்களைத் தின்னப் பழகிய குரங்குகள், காட்டுப் பறவைகளின் முட்டைகளைத் திருடும் அதே அயலினத்தைச் சேர்ந்தவை. கண்முன் நிற்கும் உயிருக்கு இரங்குவோர் கண்ணுக்குத் தெரியாத கூட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே போதிய சான்று.

கொல்லாமை அறம் இங்குக் கைவிடப்படுவதில்லை. அது முன்கூட்டியே செய்யவேண்டிய கடமையாக மாறுகிறது. வட்டத்தீவு போன்ற இடங்களுக்குச் செல்வோரின் பொருள்களில் விதையோ எலியோ பூச்சியோ ஒளிந்திருக்கிறதா என்று புறப்படுமுன் பிரித்துப் பார்க்கும் அலுப்பான வேலை, பின்னாளில் ஆயிரம் பொறிகள் தேவைப்படாமல் செய்வதால், எந்த விரதத்துக்கும் குறையாத கொல்லாமை நோன்பாகும். அப்பணி தவறிப்போன இடத்தில் கொல்ல நேர்ந்தால், துன்பம் குறைந்த வழியைத் தேடுவதும், காத்த பறவைகளின் கணக்கோடு கொன்ற எலிகளின் கணக்கையும் எழுதிவைப்பதும் அதற்குரிய கழுவாயின் தொடக்கமாகும். இனத்தைக் காத்தவர் கடனில் ஒரு பகுதியைத் தீர்த்தவரே. புண்ணியம் ஈட்டியவர் அல்லர்.