கைத்துப்பாக்கிப் படநூலும் அறமும்

கைத்துப்பாக்கிகளின் படங்களும் அளவுகளும் நிறைந்த நூலை எழுதுவது பாவமா? புத்தர் இல்லறத்தாருக்கு விலக்கிய ஐந்து வணிகங்களில் ஆயுத விற்பனையும் ஒன்று. நூல் ஆயுதமன்று; ஆனாலும் ஆயுத ஆசையைத் தூண்டலாம். பளபளப்பான படங்களை மட்டும் அடுக்கும் நூல்களுக்கு இந்த ஐயம் பொருந்தவே செய்யும்.

விஸ்கான்சின் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஜே. ஹோவர்ட் மேத்யூஸ் 1962-இல் வெளியிட்ட ‘ஃபயர்ஆர்ம்ஸ் ஐடென்டிஃபிகேஷன்’ வேறு வகை. கைத்துப்பாக்கிகளின் ஒளிப்படங்களோடு, குழலுக்குள் ஓடும் சுருள்பள்ளங்களின் எண்ணிக்கை, அகலம், சுழலும் திசை ஆகியவற்றையும் அது தருகிறது. இறந்தவர் உடலிலிருந்து எடுத்த தோட்டாவில் அந்தப் பள்ளங்களின் தடம் பதிந்திருக்கும். ஒப்பிட்டால், சுட்டது எவ்வகைத் துப்பாக்கி என்பதை நெருங்கலாம். குற்றமற்றவர் தப்பவும் இது வழி. பௌத்தம் வினையை எண்ணத்தைக் கொண்டே அளக்கிறது. அந்த அளவுகோலில் இந்நூலை ஆயுத வணிகத்தோடு சேர்க்க இடமில்லை.