தைத்துப் பார்த்தால் தெரியும்

வீட்டிலேயே தைத்தால் காசு மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் அம்மா காலத்தில் அது உண்மை. இன்று நடைபாதையில் குவித்து விற்கும் திருப்பூர் டி-ஷர்ட்டின் விலைக்கு, அந்த அளவு துணியைக்கூட நாம் சில்லறையில் வாங்க முடியாது. துணி, நூல்கண்டு, ஜிப், லைனிங், மிஷினுக்கு எண்ணெய் விட்டு பெல்ட் மாற்றும் செலவு என்று கூட்டிக்கொண்டே போனால், ஞாயிற்றுக்கிழமைப் பகலெல்லாம் குனிந்து உட்கார்ந்து தைத்த தலையணை உறை கடை உறையைவிட விலை கூடிப்போயிருக்கும். முதுகுக்குத் தடவும் தைலம் தனிக் கணக்கு.

ஆலையில் துணியை அடுக்கடுக்காக நீண்ட மேசைமேல் விரித்து, மின்கத்தியால் கட்டுக் கட்டாக அறுக்கிறார்கள். எந்தத் துண்டை எப்படித் திருப்பிப் போட்டால் துணி குறைவாக வீணாகும் என்பதைக் கணினி சொல்லிவிடும். ஒருவர் தோள் மட்டும் மூட்டுவார், அடுத்தவர் கை மட்டும், அதற்கடுத்தவர் கழுத்துப்பட்டை மட்டும். வெட்டி எஞ்சியதும் வீணாவதில்லை. ‘பனியன் வேஸ்ட்’ என்ற பெயரில் மெக்கானிக் கடைகளுக்கு எண்ணெய்க் கை துடைக்கப் போகிறது. இந்த ஏற்பாட்டோடு முன்னறை மூலையில் கிடக்கும் நம் மிஷின் போட்டிபோட முடியாது.

சரி, அழகுக்காகச் செய்கிறோமா? கடைப் பொருளைவிட அழகாக வந்தது என்று மனசாட்சியோடு சொல்ல முடிந்தவை என் வீட்டில் மிகக் குறைவு. பூமியைக் காப்பாற்றவா? பழைய கண்ணாடிப் பாட்டிலை அலங்கரிக்கப் புதிதாகப் பசைத் துப்பாக்கி, நான்கு வண்ணப் பெயின்ட், சணல் கயிறு, பாசிமணிப் பொட்டலம் வாங்குகிறவர்கள் அந்த வாதத்தை எடுக்காமலிருப்பது நல்லது. பாட்டிலைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டிருந்தால் பூமிக்கு இன்னும் கொஞ்சம் நன்மையாக இருந்திருக்கும்.

பிறகு எதற்காகத்தான் செய்கிறோம்? இந்தக் கேள்வியை மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டான் ஏரியலி என்ற மூன்று ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் தொட்டார்கள். சாதாரண ஆட்களை உட்காரவைத்துக் காகிதத்தில் கொக்கும் தவளையும் மடிக்கச் சொன்னார்கள். பிரித்து விற்கப்படும் அட்டைப் பெட்டிகளைப் பூட்டச் சொன்னார்கள். பிறகு, ‘இதற்கு என்ன விலை கொடுப்பீர்கள்?’ என்று கேட்டார்கள். கோணலும் மாணலுமான தங்கள் கொக்குக்குச் செய்தவர்கள் கொடுக்க முன்வந்த விலை, தேர்ந்த கைகள் மடித்த கொக்குக்குக் கிடைத்த விலையை நெருங்கியது. அதே கோணல் கொக்கைப் பார்த்த வேற்று ஆட்கள் சொற்பக் காசுதான் தந்தார்கள். செய்ததைப் பிரித்துப் போட்டாலோ பாதியில் நிறுத்தினாலோ இந்தப் பாசம் வருவதில்லை என்றும் கண்டார்கள். பீரோவின் மேல்தட்டில் பாதி பின்னிய ஒயர் கூடை எத்தனை வருடம் கிடந்தாலும் அதன்மேல் யாருக்கும் ஒட்டுதல் வராததன் காரணம் இதுதான் போலும்.

ஆய்வு சரியாக இருக்கலாம். ஆனால் அது சொல்வது ‘காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு’ என்பதைத்தான். அந்தப் பெருமையில் தவறில்லை. அது மட்டும்தான் பலன் என்றால் இந்த வேலைக்கு இவ்வளவு நேரம் செலவிடத் தேவையில்லை என்பது என் எண்ணம். எனக்குக் கிடைத்தது வேறு. முதலில் மரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

சரக்கு இறக்கிய பின் கம்பெனிகள் கழித்துப்போடும் ‘பேலட்’ பலகைகள் பழைய மரக்கடையில் மலிவாகக் கிடைக்கும். அநேகமாகப் பைன் மரம். வாங்கும்போது பக்கவாட்டில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றிருந்தால் பூச்சி சாக வெப்பமேற்றியது. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது. அது வீட்டுக்குள் வரவேண்டாம். பலகை கிடைத்ததும் கை பரபரக்கும், உடனே நீலமோ மஞ்சளோ அடித்துவிட வேண்டும் என்று. மரம் அதற்கு இடங்கொடுக்காது. உப்புத்தாளை 80-ஆம் எண்ணில் தொடங்கி 120, 220 என்று, ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல், பெயின்ட் காய்ந்த பிறகுதான் பளிச்சென்று தெரியும். பைனில் கணுக்கள் அதிகம். அவற்றிலிருந்து பிசின் கசிந்து, வெள்ளை பெயின்டில் சில மாதம் கழித்து மஞ்சள் வட்டமாக எழும்பும். ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கைக் கணுவின் மேல் முதலில் பூசிக் காயவிட்டால் தப்பிக்கலாம். பிறகு பட்டி, பிரைமர், மறுபடி லேசாகத் தேய்ப்பு. பலகையின் முன்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்துச் சுவரில் மாட்டினால் ஐப்பசி மழையில் அது வளைந்துவிடும். பெயின்ட் படாத பக்கம் ஈரத்தைக் கூடுதலாகக் குடித்து உப்பும். அதனால் யாரும் பார்க்கப்போகாத முதுகுக்கும் ஒரு பூச்சு வேண்டும்.

கவனித்தால், கண்ணுக்குத் தெரியும் வேலை கடைசி அரை மணி நேரம்தான். மீதியெல்லாம் அடியில் மறைந்துபோகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்களை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு உளி பிடித்துக் குடமும் அடுப்பும் உரலுமாகக் கடைகிறார்கள். அது சுழலும்போதே வண்ண அரக்குக் குச்சியை மேலே அழுத்தினால், உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படியும். கர்நாடகத்துச் சென்னபட்டணத்துப் பொம்மைகளும் இதே கடைசல், அரக்கு முறையில்தான் வருகின்றன. அங்கே தாழை ஓலையை வைத்து அழுத்தி மெருகேற்றுவார்கள். தூரிகைத் தடம் இல்லை, வழிசல் இல்லை. கட்டைவிரல் அளவுக் குடத்தின் உள்வாயைக் கடையும்போது உளி ஒரு மயிரிழை விலகினால் குடம் உடைந்துவிடும். முன்பெல்லாம் திருவிழாக் கடையில் அந்தப் பெட்டியை எடுத்துப் பார்த்து, ‘இவ்வளவு விலையா, பிளாஸ்டிக்கில் பாதிக்குக் கிடைக்குமே’ என்று கீழே வைத்தவர்களில் நானும் ஒருத்தி. இப்போது அந்த வாக்கியம் வாயில் வருவதில்லை.

தையலில் இந்தப் பாடம் இன்னும் அழுத்தமாக விழுந்தது. தலையணை உறை, திரைச்சீலை, துணிப்பை எல்லாம் நேர்த் தையல். கை பழகினால் யாருக்கும் வரும். ஜாக்கெட் அப்படியல்ல. தட்டையான துணியிலிருந்து தட்டையில்லாத உடம்புக்கு ஓர் உறை செய்வது அது. எங்கே டாட் பிடிப்பது, எவ்வளவு ஆழத்துக்கு, கைக்குழியை எவ்வளவு குடைந்து வெட்டினால் கையைத் தூக்கும்போது இடுப்புப் பட்டி மேலே ஏறாது என்பதையெல்லாம் வெட்டுவதற்கு முன்பே மனத்தில் பார்த்துவிட வேண்டும். கிராஸ் கட்டிங் என்றால் ஊடும் பாவும் சாய்ந்து நிற்கும்படி துணியைக் குறுக்கில் வைத்து வெட்டுவது. அப்போதுதான் அது சற்றே நெகிழ்ந்து உடம்போடு படியும். துணியும் கூடுதலாகப் பிடிக்கும். எங்கள் தெருவில் தைக்கும் பெண்ணிடம் கற்றுக்கொள்ளப் போனபோது அவர் மிஷினைத் தொடவே விடவில்லை. செய்தித்தாளைக் கொடுத்து வெட்டச் சொன்னார். “தைக்கிறது என்னக்கா, மிதிச்சா ஓடும். வெட்டுறதுலதான் எல்லாம் இருக்கு” என்றார். அடியில் நூல் கொத்தாகத் தொங்கினால் கோளாறு அநேகமாக மேல்நூலில் இருக்கும், கீழே பாபினைப் போட்டு நோண்டக் கூடாது என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வெட்டி, மூட்டி, கொக்கி கட்டி, கழுத்தில் கைத்தையல் போட்டு ஒரு ஜாக்கெட்டை முழுசாக முடிக்கும்போது மனத்தில் கேள்வி ஒன்று உட்கார்ந்துவிடுகிறது. பட்டுப்புடவைக்குப் பல ஆயிரம் ரூபாயை வாய் திறக்காமல் எண்ணி வைக்கிறோம். குளிர்சாதனக் கடையில் பேரம் பேச நமக்கு வெட்கம். அதே புடவையின் ஜாக்கெட்டைத் தைக்கக் கொடுக்கும்போது, கூலியில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி வாசல்படியில் நின்று வாதாடுகிறோம். துணிக்கு விலை உண்டு, தைத்த கைக்கு விலையில்லை என்று எப்படி நினைக்கப் பழகினோம்?

தையல் மிஷினின் வரலாறு முழுவதும் இந்தக் கூலித் தகராறு ஓடிக்கொண்டே இருக்கிறது. பிரான்சில் பார்த்தலமி திமோனியே 1830-இல் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கி, பாரிசில் ராணுவச் சீருடை தைக்கும் பட்டறை போட்டார். பிழைப்புப் போய்விடும் என்று பயந்த தையற்காரர்கள் 1831-இல் உள்ளே புகுந்து இயந்திரங்களை நொறுக்கினார்கள். சிங்கர் காப்புரிமை பெற்றது 1851-இல். இயந்திரங்கள்மீது அத்தனை சந்தேகம் கொண்டிருந்த காந்தி, 1924-இல் சாந்திநிகேதன் மாணவர் ஜி. ராமச்சந்திரன் கேள்வி கேட்டபோது சிங்கர் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துத் துன்பப்படுவதைப் பார்த்து அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது காந்தி சொன்ன காரணம். பல குடும்பங்கள் நடத்தி இருபதுக்கு மேல் பிள்ளைகளைப் பெற்ற அந்த மனிதரின் வாழ்க்கை தெரிந்தவர்கள் இதைக் கேட்டுப் புன்னகைக்கலாம். மாணவரும் விடவில்லை: அந்த மிஷினைச் செய்யவும் ஆலை வேண்டுமே என்றார். ஆமாம், அது அரசின் கையில் இருக்கட்டும் என்றார் காந்தி. கேள்வி கேட்ட அதே ராமச்சந்திரன்தான் பிற்பாடு சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்.

காந்தி சொன்ன கதை தவறாக இருக்கலாம், தேர்வு தவறில்லை. ஒரே ஆள், ஒரே மிஷின், வீட்டு வாசலிலேயே பிழைப்பு என்பது நம் ஊரில் நடந்திருக்கிறது. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் தமிழக அரசு இலவசத் தையல் இயந்திரம் கொடுப்பது யாருக்கு என்று பாருங்கள்: கணவரை இழந்தவர்களுக்கு, கைவிடப்பட்டவர்களுக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு, ஏழைப் பெண்களுக்கு. எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக இருக்கும் பொருள், அவர்களுக்குப் பள்ளிக் கட்டணமும் வாடகையும். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு ‘கைவேலை மனதுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா’ என்று பேசுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் இரவு இரண்டு மணிக்கு மிதித்துக்கொண்டிருப்பவரிடம் நிம்மதியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

அதற்காக அலங்காரமே வேண்டாம், உபயோகமானதை மட்டும் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லவிருந்த என்னைத் தடுத்தது ஒரு போர்வை. வட கர்நாடகக் காட்டோரத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களான சித்தி இனப் பெண்கள் பழந்துணிகளை ஒட்டுப்போட்டுக் கவந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி, கையாலேயே ஓடுதையல் போட்டு நடுவில் முடிப்பார்கள். கடைசியில் நான்கு மூலையிலும் மடித்த முக்கோணத் துணிகளைப் பூப்போல வைத்துத் தைப்பார்கள். குளிருக்கு அந்தப் பூவால் ஒரு பயனும் இல்லை. ஆனால் பூ வைக்காத போர்வை அவர்களுக்கு அம்மணம். கிழிந்த துணியில் உயிர் பிழைப்பவர்களே பூ வைக்க மறக்காதபோது, நீலப் பலகையில் கிளி வரைபவரைக் குறைசொல்ல நான் யார்?

ஆகவே செய்யுங்கள். கிளியும் வரையுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு, ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்து, பொத்தான் தைக்கவும் உப்புத்தாள் தேய்க்கவும் கற்றுக்கொடுங்கள். தொடங்கியதை எத்தனை கோணலாக வந்தாலும் முடியுங்கள். அடுத்த முறை ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது கேட்ட கூலியைக் கேட்டபடி கொடுங்கள். துணியைப் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.